கயிற்றின் இந்த முனை

அண்ணியும் நாத்தனாரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருந்தால் எங்கள் சொந்தக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். நல்லவேளையாக அவர்கள் யாரும் அந்தக் கடற்கரை ஊர்ப் பக்கம் தலைகாட்டவில்லை. வந்தாலும் தங்க இடமில்லை. அண்ணன் ஒவ்வொரு கோடையிலும் அங்கே ஒரு ஹோட்டலின் சலவை வேலையைக் குத்தகைக்கு எடுப்பான். சலவைக்கூடத்துக்கு மேலே இரண்டே அறைகள். ஒன்றில் அண்ணனும் அண்ணியும். இன்னொன்றில் நானும் கால் உடைந்த இரண்டு இஸ்திரி மேஜைகளும்.

அண்ணிக்குக் கண் தெரியாது. பிறவியிலிருந்து அப்படியில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து விழித்திரை கெட ஆரம்பித்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து முழுசாகப் போய்விட்டது. போன பிறகுதான் ஓட ஆரம்பித்தார், அதுவும் நீண்ட தூரம். ஏன் என்று கேட்டால், "பார்வை இருந்தப்ப வேடிக்கை பாக்கவே நேரம் சரியாப் போச்சு" என்பார். எங்கள் ஊர் ஓட்டக் குழுவில் ஒரு கணக்கு டீச்சர் அவருக்கு வழித்துணையாக ஓடுவார். ஒரு முழத்துக்கும் குறைந்த கயிறு, இரண்டு முனையிலும் ஒரு வளையம். ஒரு வளையம் அண்ணி கையில், மற்றது டீச்சர் கையில். கண் தெரிந்தவர் இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, முந்தக் கூடாது. பக்கத்திலேயே ஓடிக்கொண்டு மேடு, பள்ளம், நாய் என்று சொல்லிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

கோடை முடிந்ததும் பெரிய பந்தயம் இருந்தது. பார்வையற்ற பெண்கள் பிரிவுக்குக் குழுவிலிருந்து ஒரே ஒருவரைத்தான் அனுப்புவார்கள். போன வருஷம் அண்ணி காய்ச்சலில் படுத்துவிட, அந்த இடம் வேறொருத்திக்குப் போனது. இந்த வருஷமும் விட்டால் இனி உங்கள் பெயரை எடுக்க முடியாது என்று கோச் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அவரிடம் இளசுகள் வரிசையில் நிற்கிறார்கள். கடலோரத்தில் இருக்கும் கோடை முழுக்கப் பயிற்சி விட்டுப்போகாமல் நடந்தால்தான் அண்ணிக்கு ஏதாவது வாய்ப்பு. கணக்கு டீச்சரோ பிரசவத்துக்குப் போயிருந்தார். ஆக, வீட்டில் சும்மா கிடக்கிற கால்கள் யாருடையவை என்று தேடினார்கள்.

என்னுடையவைதான் கிடந்தன. கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள், பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவேன், வைக்காவிட்டால் கேட்க மாட்டேன். யாரோடும் சண்டைகூடப் போடவில்லை. நான் சண்டை போடாமல் இருந்ததுதான் அண்ணனைப் பயமுறுத்தியதாம். முப்பத்தெட்டு வயது எனக்கு. வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"பாப்பா ஓடுவாளா?" என்று அண்ணன் கேட்டான்.

"ஸ்கூல்ல ஓடினவதானே" என்றார் அண்ணி.

"அது பஸ்ஸப் பிடிக்க ஓடினது."

"அதே ஓட்டம் போதும். நமக்கும் பஸ் போயிட்டுதான் இருக்கு."

முதல் வாரத்தில் நான் செத்துப் பிழைத்தேன். விடிந்தும் விடியாமலும் கிளம்பி ஹோட்டலின் பின்கேட்டிலிருந்து கடல்சுவரை ஒட்டிய நடைபாதையில் மீன் ஏலக் கூடம் வரை போய்த் திரும்ப வேண்டும். வெயில் ஏறுவதற்குள் திரும்பினால்தான் முதல் மூட்டைத் துணியை மிஷினில் போட முடியும். டீச்சர் வைத்திருந்த கயிறு ஊரிலேயே தங்கிவிட்டதால், ஹோட்டல் விருந்தாளிகள் குளித்துவிட்டுப் போட்டுக்கொள்ளும் அங்கியின் இடுப்புவாரை வெட்டி நானே ஒன்று தைத்தேன். துவாலைத் துணி என்பதால் வியர்வையை உறிஞ்சும். ஒரு அங்கிக்கு வார் எங்கே என்று ஹோட்டல்காரர்கள் கேட்டபோது அண்ணன் திருதிருவென்று விழித்தான்.

மூச்சு வாங்கினாலும் என் வாய் ஓயாது. மேடு, பள்ளம் என்று மட்டும் சொன்னால் எனக்கே தூக்கம் வந்துவிடும்.

"எதிர்ல ரெண்டு பேர், கைகோத்துட்டு வராங்க. கல்யாணம் புதுசு. வழி விட மாட்டாங்க, வலது பக்கம் ஒதுங்குங்க."

"புதுசுன்னு எப்படிச் சொல்ற?"

"பேசிக்கிட்டே வராங்களே."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் விலா பிடித்துக்கொள்ளும். "ஓடறப்ப சிரிக்க வைக்காதடி" என்று திட்டுவார். மறுநாளும் சொல்லச் சொல்லிக் கேட்பார்.

மூன்றாவது வாரத்தில் எனக்குப் பசிக்க ஆரம்பித்தது. சாதாரணப் பசியில்லை, தட்டை வழித்துச் சாப்பிடுகிற பசி. படுத்தால் தூக்கம் வந்தது. அண்ணனோடு பாய்லர் வால்வு விஷயமாகப் பெரிய சண்டை போட்டேன். அவன் கத்தி முடித்துவிட்டு மனைவியிடம் போய், "இன்னிக்குப் பாப்பா என்னை முட்டாள்னு சொன்னா" என்று அவ்வளவு மகிழ்ச்சியாகச் சொன்னான். எனக்கு அந்தக் கயிறு பிடித்துப்போய்விட்டது. நான் யாருக்கோ தேவைப்படுகிறேன் என்பதை அது காலை தோறும் எனக்குச் சொன்னது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் அண்ணியின் வேகம் கூடவில்லை. கூடாதது போக, குறைந்தும் போயிற்று. நான் கையில் கடிகாரம் கட்டியிருந்தேன். ஏலக்கூடத்தைத் தாண்டித் திரும்பும்போதெல்லாம் கயிறு லேசாகத் தொய்யும். அண்ணி களைத்துவிட்டார் என்று நானும் கொஞ்சம் அடக்கி ஓடுவேன். நான் அடக்கியதும் கயிறு இன்னும் தொய்யும். பாவம், வயதாகிறது, உப்புக்காற்று வேறு, என்று நினைத்துக்கொள்வேன். எனக்கும் அந்த இடத்தில் மூச்சு முட்டும்தான். அதை நான் கணக்கில் வைக்கவில்லை.

என் இடத்தில் இன்னொருவர் ஓடியிருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. நாங்கள் துணி மடிக்கிறவர்கள். பெரிய படுக்கைவிரிப்பை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். ஓர் உதறு, ஓர் இழுப்பு, பிறகு எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். எதிராளியின் கை தளர்ந்தால் நாமும் உடனே தளர்த்திவிட வேண்டும். தளர்த்தாமல் இழுத்தால் துணி அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தரையில் விழும், மறுபடி துவைக்க வேண்டும். நாள் முழுக்க இதையே செய்கிற கைக்கு மூளை எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்ணிக்குத் துணி மடிப்பதில் கண் தேவைப்பட்டதே இல்லை. எனக்குத் தலைவலியா, கோபமா, தூக்கமா என்பதை விரிப்பின் மறுமுனையிலிருந்தே சொல்லிவிடுவார்.

வாரக் கடைசியில் கோச் தொலைபேசியில் கூப்பிட்டு நிலவரம் கேட்பார். அந்த வாரமும் கூப்பிட்டார். நான் பெரிய நிபுணர் மாதிரி பேசினேன்.

"உண்மையைச் சொல்லணும்னா சார், அண்ணிகிட்ட பழைய வேகம் இல்ல. திரும்பி வர்றப்ப ரொம்ப வாடிடறாங்க."

அவர் என் கடிகாரக் கணக்கைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "நானே வந்து ஒரு தடவை ஓடவிட்டுப் பாக்கறேன். அதுல தேறலைன்னா வேற பேரைக் கொடுத்துடுவேன். அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார். அடுத்த மாத முதல் ஞாயிறு என்று நாளும் குறித்தார்.

அண்ணியிடம் சொன்னேன். தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் அடுக்குவதை நிறுத்தவில்லை. "வரட்டும்" என்றார். அடுக்கி முடித்த உறைகளைக் கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அடுக்கினார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஈரத்துணி தள்ளுவண்டி என் கால்மேல் ஏறிற்று. கட்டைவிரல் நகம் கறுத்து வீங்கி, ஷூவுக்குள் கால் நுழையவில்லை. காலையில் அண்ணி ஓட்ட உடுப்போடு தயாராகப் பின்கேட்டில் நின்றார். நான் ஒற்றைக்காலில் நொண்டிப் போய் முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது விசில் வந்தாள்.

விசில் என்பது ஹோட்டல் நீச்சல்குளத்தில் காவல் பார்ப்பவள். குளத்தில் யாராவது கொஞ்சம் துள்ளினாலும் கழுத்தில் தொங்குவதை எடுத்து ஊதிவிடுவாள். முப்பதைத் தொட்ட வயது, வாயில் எப்போதும் சூயிங்கம். தினமும் சாயங்காலம் சொட்டச் சொட்ட ஈரத்துண்டுகளைக் கொண்டுவந்து, கூடை இருக்க, வாசலில் கொட்டிவிட்டுப் போவாள். சன்ஸ்கிரீன் கறையைத் தனியாகப் பிரித்து வை என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. காலையில் அவளும் அந்தப் பாதையில்தான் ஓடுவாள் என்பது எனக்குத் தெரியும், அதற்கும் சேர்த்துத்தான் ஆகாது.

"நான் வேணா ஒரு சுத்து கூட்டிட்டுப் போகவாக்கா?" என்றாள்.

"துணியையே ஒழுங்காக் கொண்டுவரத் தெரியாது, ஆளைக் கொண்டுவந்துடுவியா?" என்றேன். அண்ணி அதற்குள் கயிற்றை அவள் பக்கம் நீட்டிவிட்டார்.

நான் கடல்சுவர் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். முதலில் இரண்டு பேருக்கும் கால் சேரவில்லை. பெட்டிக்கடைவரை தடுமாறினார்கள். அப்புறம் சேர்ந்தது. போகிற வேகத்தைப் பார்த்து, இந்தப் பெண் அண்ணியை இழுத்துக்கொண்டு போகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன், கத்தவும் வாயெடுத்தேன். ஆனால் கயிறு தொய்ந்துதான் இருந்தது, இரண்டு பேருக்கும் நடுவில் அது சும்மா ஆடிக்கொண்டிருந்தது. விசிலுக்குப் படுக்கைவிரிப்பு மடிக்கத் தெரியாது. எதிர்க்கை தளர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியாது. அவள் பாட்டுக்கு ஓடினாள். அண்ணி அவளோடு ஓடினார், முதுகு நிமிர்ந்து, முழங்கால் உயர்ந்து. அப்படி ஒரு ஓட்டத்தை அந்தக் கோடையில் நான் பார்த்ததே இல்லை. ஏலக்கூடத்தில் திரும்பிய பிறகும் வேகம் குறையவில்லை.

எனக்கு முதலில் புரிந்தது அவமானம். அப்புறம்தான் விஷயம் புரிந்தது.

அன்று பகல் வழக்கம்போல மிஷின்கள் ஓடின. அண்ணன் இஸ்திரி ரோலரில் மேஜைவிரிப்புகளை விட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் இரட்டைக்கட்டில் விரிப்புகளை மடிக்கத் தொடங்கினோம். மூன்றாவது விரிப்பில் நான் வேண்டுமென்றே கையை ஒரு கணம் தளர்த்தினேன். மறுமுனை அந்தக் கணமே தளர்ந்தது.

"இதத்தான ரோட்லயும் பண்ணிட்டிருக்கீங்க?" என்றேன்.

அண்ணி முன்னால் நடந்து வந்து தன் முனைகளை என் கையில் கொடுத்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். எனக்கு மூச்சு வாங்குதுன்னு நீங்க மெதுவாப் போக, நீங்க களைச்சிட்டீங்கன்னு நான் மெதுவாப் போக... நான் கோச்கிட்ட என்ன சொன்னேன்னு தெரியும்ல? உங்களுக்கு வேகம் செத்துப்போச்சுன்னு சொன்னேன்."

"தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம்தான நின்னேன்."

"அப்ப ஏன் பேசல?"

"மொதல்ல எனக்கே தெரியல பாப்பா. கை பழக்கம். நீ தளர்ற, நான் தளர்றேன். அப்புறம்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சப்புறம்?"

"தெரிஞ்சப்புறம் தெரிஞ்சேதான் பண்ணேன்."

அண்ணன் ரோலரை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான். நான் முறைத்ததும் மறுபடி ஓடவிட்டான்.

"இனிமே விசிலோட ஓடுங்க" என்றேன். "கோச் வர்ற ஞாயித்துக்கெழமை அவளே வரட்டும்."

"முடியாது."

"ஏன் முடியாது?"

"அவகூட ஓடினா நான் தேறிடுவேன். நீ மறுபடி அந்த ரூமுக்குள்ள போய்ப் படுத்துக்குவ. நான் வெளிய நின்னு கதவத் தட்டிட்டே இருக்கணும். எனக்கு அது வேணாம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எனக்குப் பிச்சை போடறீங்களா? உங்க இடத்த எனக்குத் தூக்கிக் குடுத்து, ஊர்ல எல்லார்கிட்டயும் என் நாத்தனார் பொழைச்சுக்கிட்டான்னு சொல்லப்போறீங்களா? யாரு கேட்டா உங்கள?"

"யாரும் கேக்கல. பின்னால போ, அடுத்த விரிப்பு."

நான் பின்னால் போனேன். உதறினோம், இழுத்தோம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது. அந்த அறை எனக்கும் ஞாபகம் இருந்தது.

கோச்சுக்கு நானே தொலைபேசி போட்டு நடந்ததைச் சொன்னேன். "கதையெல்லாம் எனக்கு வேணாம்மா, கடிகாரம் என்ன சொல்லுதோ அதுதான்" என்றார். வழித்துணையைப் பாதியில் மாற்றலாமா என்று கேட்டேன். நீண்ட ஓட்டத்தில் குறித்த இடத்தில் மாற்றிக்கொள்ளலாம், ஏலக்கூடத்துத் திருப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு விசிலைத் தேடிக் குளத்துக்குப் போனேன். ஒரு கூடை துண்டை அவள் காலடியில் வைத்து, "கறைத் துண்டு தனி, மத்தது தனி. இதை மொதல்ல கத்துக்கோ" என்றேன். அப்புறம் மற்றதையும் கற்றுக்கொடுத்தேன். திருப்பத்துக்கு எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும், ஏலக்கூடத்து வாசலில் மீன்தண்ணீர் எங்கே தேங்கும், நாய் என்று சொன்னால் அண்ணி எந்தப் பக்கம் சாய்வார், எல்லாம். அவள் சூயிங்கத்தைத் துப்பிவிட்டுக் கேட்டாள்.

"அக்காவுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொன்னா வரமாட்டாங்க. அங்க வந்து சொல்லிக்கறேன். பிடிக்கலைன்னா நின்னுடட்டும்."

குறித்த ஞாயிற்றுக்கிழமை கோச் வந்தார், முதல் பஸ்ஸில், தொப்பியும் கடிகாரமுமாக. பின்கேட்டில் நின்றுகொண்டு அண்ணியின் கையைக் குலுக்கினார். என் கால்நகம் விழுந்து புதுத்தோல் வந்திருந்தது, ஒரு வாரமாக மறுபடி நான்தான் அண்ணியோடு ஓடிக்கொண்டிருந்தேன். அண்ணன் தண்ணீர்ப் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தான். ஓடப்போவது அவன்தான் என்று பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள்.

போகும் பாதியில் நான் நாயாய்ப் பேயாய் ஓடினேன். தோள் இறுகினால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று கையை மட்டும் லேசாக வைத்துக்கொண்டு மற்ற உடம்பையெல்லாம் பல்லைக் கடித்துத் தள்ளினேன். கடல் இரைந்தது. எதிரே வந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் மூச்சு தீர்ந்துவிடும்.

"இன்னிக்கு ஏன் ஊமையாயிட்ட?" என்றார் அண்ணி.

"ஆள் இல்ல ரோட்ல."

ஆள் இருந்தார்கள். ஏலக்கூடத்துத் தகரக்கூரை தெரிந்தது. விசில் திருப்பத்தில் நின்று ஒரே இடத்தில் கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தாள். அவள் எங்களோடு சேர்ந்து என் இடப்பக்கம் ஓடத்தொடங்கினாள்.

"அண்ணி, இங்க கை மாத்தறேன். கோச்சுக்குத் தெரியும். விசில் வந்துட்டா. வேணாம்னா நின்னுடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் கயிற்றை இறுக்கிப் பிடித்தார். அந்தப் பிடி என் விரலில் தெரிந்தது, இரண்டு மூன்று எட்டுக்குத் தெரிந்தது. அவர் நிற்கப்போகிறார் என்று நினைத்தேன். நின்றால் என்ன சொல்வது என்று முந்தைய நாளே ஒரு பேச்சுத் தயார் செய்திருந்தேன். திட்டி, கெஞ்சி, கடைசியில் சரி வாங்க நாமே ஓடுவோம் என்று முடிகிற பேச்சு. வளையத்தை என் கையிலிருந்து கழற்றி விசிலிடம் கொடுத்தேன்.

அண்ணி நிற்கவில்லை. தலை லேசாக என் பக்கம் திரும்பியது, பிறகு நேராயிற்று. நான் நாலு எட்டு கூடவே ஓடிப்பார்த்தேன். ஐந்தாவது எட்டில் அவர்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் முகமே தெரியாத இரண்டு முதுகுகள். விசில் ஏதோ சொல்ல, அண்ணி சரியாக வலப்பக்கம் ஒதுங்கினார். நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அழுதேன். ஏலக்கூடத்தில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை, அவரவருக்கு அவரவர் விலை. அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு நடந்தே திரும்பினேன்.

பின்கேட்டை அடைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கோச் கடிகாரத்தை அண்ணனிடம் காட்டிக்கொண்டிருந்தார். தேவையான நேரத்துக்கும் குறைவாகவே வந்திருந்தது. "பேரைக் கொடுத்துடறேன். இந்தப் பொண்ணும் பந்தயத்துக்கு வரட்டும்" என்றார். அதற்குள் ஹோட்டல் சீசன் முடிந்துவிடும், வருகிறேன் என்றாள் விசில். அவள் வாயில் மறுபடி சூயிங்கம் இருந்தது.

அண்ணி சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். என் செருப்பில்லாத நடையையும் ஷூ நடையையும் பிரித்துத் தெரிந்துகொள்கிறவர், நான் பக்கத்தில் போவதற்கு முன்பே கையை நீட்டினார். நீட்டிய கையை நான் உடனே பிடிக்கவில்லை. அவர் நீட்டியபடியே வைத்திருந்தார். அப்புறம் பிடித்தேன்.

"கோவமா?" என்றார்.

"ஆமா."

"நிக்கணும்னுதான் நெனச்சேன் பாப்பா. கால் நிக்கல."

"நின்னிருந்தா உங்கள அங்கேயே கடல்ல தள்ளியிருப்பேன்" என்றேன்.

அது பொய். நின்றிருந்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்.